மேற்கு ஆஸ்திரேலியாவில் காட்டுப்பூக்காலம்: முதல்முறை செல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெர்த் நகருக்குப் புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் ஆகஸ்ட் பிறந்ததும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பூ பார்க்க எங்கே போகலாம்?" கேட்பவர்களின் மனத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரே காட்சிதான்; கண்ணுக்கெட்டிய தூரம்வரை இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக எவர்லாஸ்டிங் பூக்கள் விரிந்து கிடக்கும் சமவெளி. அந்தக் காட்சி உண்மையானது, ஒருமுறையேனும் காணத் தக்கது. ஆனால் இந்த மாநிலத்தில் 12,000க்கும் மேற்பட்ட காட்டுத் தாவர இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. கம்பளமாக விரிபவை அவற்றுள் மிகச் சில. மற்றவையெல்லாம் விரல்நக அளவில், புல்லுக்கும் சரளைக்கும் இடையே, குனிந்து பார்ப்பவர்களுக்கு மட்டுமே தட்டுப்படும். ஆகவே முதல் ஆண்டில் தொலைவான இடங்களைத் துரத்துவதைவிட அருகில் இருப்பவற்றை நிதானமாகப் பார்த்துப் பழகுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே செல்கிறது: முதலில் நகருக்குள் ஒரு காலை, பிறகு ஒரு பகல் நடை, அதன்பின் நெடும்பயணமும் கூடாரமும்.

காலத்தைக் கணித்தல்

பூக்காலம் மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஜூன், ஜூலை மாதங்களில் வடக்கே பில்பராப் பக்கம் தொடங்கி, ஆகஸ்டில் முல்லேவா, மிங்கன்யூ, மொராவா ஆகிய நடுப்பகுதி ஊர்களுக்கு இறங்கி, செப்டம்பரில் பெர்த்தைச் சூழ்ந்து, அக்டோபர், நவம்பரில் தென்கடற்கரையை எட்டுகிறது. எவர்லாஸ்டிங் போன்ற ஓராண்டுச் செடிகள் அந்த ஆண்டு பெய்த மழையை முழுவதும் நம்பி இருப்பவை. இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் மழை பொய்த்தால் சமவெளி வெறுமையாகவே இருக்கும். புதர்ச்செடிகளுக்கு அந்த அளவு ஏமாற்றம் இல்லை. அவை மழை குறைந்த ஆண்டிலும் ஓரளவு பூக்கின்றன.

இந்த நிலத்தின் மூத்த குடிகளான நூங்கார் மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரிக்கிறார்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று எண்ணி வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள் அவர்களுக்கு ஜில்பா. அக்டோபர், நவம்பர் கம்பராங். நான்கு பருவ நாட்காட்டியைவிட இந்த ஆறு பருவக் கணக்கே இங்குள்ள பூக்களோடு நன்றாகப் பொருந்துகிறது.

நாளைத் தேர்ந்தெடுப்பதைப் போலவே வேளையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். எவர்லாஸ்டிங் பூவின் காகிதம் போன்ற மடல்கள் ஈரத்திலும் மேகமூட்டத்திலும் மூடிக்கொள்கின்றன. சன் ஆர்கிட் எனப்படும் நிலவாழ் ஆர்கிட் வகைகளோ, வெயில் ஏறி வெப்பம் வந்தால்தான் இதழ் விரிக்கும். விடியற்காலையில் சென்று "ஒன்றுமே இல்லையே" என்று திரும்பியவர்கள் பலர். காலை பத்து மணிக்கு மேல் பிற்பகல் மூன்று மணிவரை, வெயிலுள்ள நாளில் செல்லுங்கள்.

முதல் காலை: நகருக்குள்ளேயே

கிங்ஸ் பார்க்கில் தொடங்குங்கள். 400 ஹெக்டேரைத் தாண்டிய அந்தப் பூங்காவில் பெரும்பகுதி இயற்கைப் புதர்நிலமாகவே விடப்பட்டிருக்கிறது. அதிலுள்ள தாவரவியல் தோட்டத்தில் மாநிலத்தின் பல பகுதிச் செடிகள் பெயர்ப் பலகையோடு வளர்க்கப்படுகின்றன. அங்கே ஒரு மணி நேரம் செலவிட்டுப் பத்துப் பெயர்களை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: மாநிலத்தின் சின்னமான சிவப்புப் பச்சைக் கங்காரு பா, பாங்சியா, நீல லெஷனால்டியா, ஊதா நிற ஹோவியா, சாம்பல் புகைபோல் தெரியும் ஸ்மோக்புஷ், டாங்கி ஆர்கிட், ஸ்பைடர் ஆர்கிட், கவ்ஸ்லிப் ஆர்கிட், டிரிகர் செடி, சண்டியூ. இந்தப் பத்தும் தெரிந்துவிட்டால் மற்ற இடங்களில் கண் தானாகப் பழகிவிடும். பெயர் தெரியாத செடியைக் கண் தாண்டிச் சென்றுவிடுவது இயல்பு.

அடுத்த வார இறுதியில் பெர்த்தின் தென்பகுதியிலுள்ள வயர்லெஸ் ஹில் பூங்காவுக்குச் செல்லலாம். சிறிய இடம், சமமான பாதை, குழந்தை வண்டியும் செல்லும். செப்டம்பரில் கங்காரு பாவும் ஆர்கிட்களும் பாதையோரத்திலேயே நிற்கும். அங்கே ஒரு பயிற்சியைச் செய்து பாருங்கள். பாதையின் விளிம்பில் முழந்தாளிட்டு, ஒரு மீட்டர் சதுர நிலத்தை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். முதல் நிமிடத்தில் மணலும் சருகும் தெரியும். மூன்றாம் நிமிடத்தில், சிவந்த மயிர்க்கால்களின் நுனியில் பசைத்துளி மினுங்கும் சண்டியூ தெரியும். அது பூச்சிகளைப் பிடித்து உண்ணும் செடி.

அதன் பக்கத்திலேயே டிரிகர் செடி இருக்கக்கூடும். நான்கு இதழ்கள் வண்ணத்துப்பூச்சிபோல் விரிந்திருக்க, மகரந்தத்தைத் தாங்கிய தண்டு ஒன்று பின்புறமாக வளைந்து பதுங்கி நிற்கும். ஒரு மெல்லிய புல்நுனியால் பூவின் நடுவைத் தொட்டால் அந்தத் தண்டு கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகப் பாய்ந்து புல்லின் மீது அடிக்கும். தேனுண்ண வரும் பூச்சியின் முதுகில் அப்படித்தான் மகரந்தத்தைப் பூசுகிறது. பிறகு சில நிமிடங்களில் தண்டு மெல்லப் பின்வாங்கிப் பழைய நிலைக்கு வருவதையும் உட்கார்ந்து பார்க்கலாம். என் மகள் முதன்முதலில் இதைக் கண்டபோது அரை மணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. ஒரு பூவுக்கு ஒருமுறை போதும். திரும்பத் திரும்பச் சீண்ட வேண்டாம்.

பூவைப் பறிக்கக் கூடாது. தலையில் சூடவோ பூசைக்கோ இரண்டே இரண்டு பறித்தால் என்ன என்று நம்மவர்களுக்குத் தோன்றுவது இயல்புதான். ஆனால் இம்மாநிலத்தின் இயல்தாவரங்கள் அனைத்தும் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை, பொதுநிலத்தில் உரிமம் இன்றிப் பறிப்பது குற்றம். ஆர்கிட்டை வேரோடு பெயர்த்து வீட்டில் நடுவது இன்னும் வீணான செயல்: அது மண்ணிலுள்ள குறிப்பிட்ட பூஞ்சையோடு இணைந்து வாழ்வதால், இடம் மாற்றினால் பெரும்பாலும் மடிந்துவிடும்.

காலணியைத் துடைப்பது

இந்த ஒன்றை மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. தென்மேற்கு நிலம் முழுவதும் டைபேக் என்ற நோய் பரவி வருகிறது. பைட்டாப்தோரா சின்னமோமி என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் ஈரமண்ணில் வாழ்ந்து வேர்களை அழுகச் செய்கிறது. வேர் அழுகிய செடி நீரருந்த முடியாமல் நின்ற நிலையிலேயே காய்ந்துவிடும். தென்மேற்குப் பகுதித் தாவர இனங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்நோய்க்கு இரையாகக்கூடியவை. பாங்சியா, புல்மரம், ஜாரா மரம் எல்லாம் அதில் அடங்கும். பாஸ்பைட் மருந்து நோயைத் தாமதப்படுத்தும். ஒருமுறை மண்ணில் புகுந்த கிருமியை ஒழிக்க வழி இல்லை. அந்தக் கிருமி நடப்பது மனிதர்களின் காலணியில் ஒட்டிய சேற்றிலும், வண்டிச் சக்கரத்திலும்.

செய்ய வேண்டியது எளிது. ஒரு கெட்டித் தூரிகையும், மெத்திலேட்டட் ஸ்பிரிட் நிரப்பிய தெளிப்புக் குப்பியும் காரிலேயே வைத்திருங்கள். நடை தொடங்குமுன்னும் முடிந்த பின்னும் காலணியின் அடிப்பகுதியிலுள்ள மண்ணை முழுவதும் உதிர்த்துவிட்டு, பிறகு தெளியுங்கள். மண் ஒட்டியிருக்கத் தெளித்தால் பயனில்லை. பல பூங்காக்களின் நுழைவாயிலில் காலணி துடைக்கும் இடம் அமைத்திருப்பார்கள், அதை ஒருபோதும் தாண்டிச் செல்லாதீர்கள். குழந்தைகள், ஊரிலிருந்து வந்த பெற்றோர், எல்லாருடைய காலணிகளையும் துடையுங்கள். கூடாரத்தின் ஆணிகளில் ஒட்டிய மண்ணையும் மறக்கக் கூடாது. பாதையைவிட்டு இறங்காமல் நடப்பதற்கும் இதுவே முதல் காரணம். புகைப்படத்துக்காக எவர்லாஸ்டிங் நடுவே உட்காருவதும் படுப்பதும் வேண்டாம். ஏற்கெனவே வெறுமண்ணாக உள்ள விளிம்பில் நின்று, கேமராவைத் தாழ்த்திப் பிடித்தால் படத்தில் நீங்கள் பூக்களின் நடுவே இருப்பதுபோலவே தெரியும்.

பகல் நடைக்குப் பாதையைத் தேர்ந்தெடுத்தல்

இங்கே காட்டுநடையைப் புஷ்வாக்கிங் என்பார்கள். நடைப்பாதைகள் ஒன்றிலிருந்து ஐந்துவரை தரம் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதல் தரம் சக்கரநாற்காலியும் செல்லத்தக்க சமபாதை. இரண்டாம் தரத்துக்கு முன்னனுபவம் தேவையில்லை. மூன்றாம் தரத்தில் செங்குத்தான சிறு ஏற்றங்களும் படிகளும் இருக்கும். நான்காம் தரத்தில் பாதை கரடுமுரடாகவும் வழிகாட்டிப் பலகைகள் குறைவாகவும் இருக்கும்; ஐந்தாம் தரம் வழியைத் தாமே கண்டறியத் தெரிந்தவர்களுக்கு உரியது. புதியவர்கள் இரண்டில் தொடங்கி, இரண்டு மூன்று நடைகளுக்குப் பின் மூன்றாம் தரத்துக்குச் செல்லலாம். பெர்த்துக்குக் கிழக்கே, அரை மணி நேரப் பயணத்திலுள்ள ஜான் பாரஸ்ட் தேசியப் பூங்கா முதல் நடைக்கு ஏற்ற இடம். குளிர்கால மழைக்குப் பின் அங்கே அருவியும் ஓடும், பூவும் இருக்கும்.

ஊர்ப்புறத்தில் தினம் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர்கூடக் காட்டுப்பாதையில் அதே வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது. பூ பார்த்துக்கொண்டே நடந்தால் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் என்று கணக்கிடுவது சரியாக வரும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், வெயில் நாளென்றால் மூன்று. அகன்ற விளிம்புத் தொப்பி, முழுக்கால் சட்டை, கணுக்காலை மூடும் காலணி, முழங்கால்வரை நீளும் காலுறை. கைபேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நகரைத் தாண்டினால் அலைவரிசை அறுந்துபோகும். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். வசந்தகாலம் தீத்தடுப்புக்காக வனத்துறையே காட்டின் சில பகுதிகளைத் திட்டமிட்டு எரிக்கும் காலம் என்பதால், மூடப்பட்ட பாதைகளின் விவரத்தைப் புறப்படும் நாளன்றே சரிபார்க்க வேண்டும்.

பாம்பைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. பூக்கள் விரியும் அதே வெயிலுக்குத்தான் டூகைட்டும் டைகர் பாம்பும் வெளியே வந்து பாதையில் காய்கின்றன. கண்டால் நின்று, மெல்லப் பின்னே நகர்ந்து, அதற்கு வழிவிடுங்கள். ஒருவேளை கடித்துவிட்டால் கடிபட்டவர் ஓர் அடிகூட நடக்கக் கூடாது. கடிவாயைக் கழுவக் கூடாது. தோலில் எஞ்சிய நஞ்சை வைத்தே மருத்துவமனையில் பாம்பின் வகையைக் கண்டறிய முடியும். இழுத்தால் நீளும் அகலமான கட்டுத் துணியால் (எலாஸ்டிக் பேண்டேஜ்) கடிவாயின்மேல் இறுக்கமாகச் சுற்றி, பிறகு விரல்நுனியிலிருந்து மேல்நோக்கிக் கைகாலின் முழு நீளத்துக்கும் சுற்றி, ஒரு குச்சியை வைத்து அசையாமல் கட்டுங்கள். உடனே 000 எண்ணை அழையுங்கள். ஊரில் செய்வதுபோல் கயிற்றால் இறுகக் கட்டுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் தீங்கையே செய்யும். இந்தக் கட்டுத் துணிகள் இரண்டை ஒவ்வொரு நடைக்கும் பையில் வைத்திருக்க வேண்டும். வீட்டில் ஒருமுறை ஒருவருக்கொருவர் சுற்றிப் பழகுவதும் நல்லது.

நெடும்பயணம்

இப்போது சமவெளிக்குச் செல்லலாம். மிங்கன்யூ அருகிலுள்ள கோல்சீம் பாதுகாப்புப் பூங்கா எவர்லாஸ்டிங் பூக்களுக்குப் பெயர்பெற்றது. 1846இல் இம்மாநிலத்தில் முதன்முதலாக நிலக்கரி கண்டறியப்பட்ட இடமும் அதுவே. ஜூரியன் பே பக்கத்திலுள்ள லெசூர் தேசியப் பூங்காவில் 900க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் உள்ளன, வண்டியிலிருந்தபடியே சுற்றிப் பார்க்க ஒருவழிச் சாலையும் உண்டு. முதியவர்களை அழைத்துச் செல்பவர்களுக்கு இதையே முதலில் பரிந்துரைப்பேன். தெற்கே ஸ்டர்லிங் மலைத்தொடரில் 1,500 அளவுக்குத் தாவர இனங்கள். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அங்கே செல்லலாம். ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள பிளஃப் நால் உச்சிக்கு ஏறும் பாதை நான்காம் தரம், போய்வர மூன்று நான்கு மணி நேரம் ஆகும், மேலே வானிலை சடுதியில் மாறும்.

முல்லேவா, மொராவா, பெரன்ஜோரிப் பக்கம் ரீத் ஃபிளவர் என்ற மலர்வளையப் பூ இருக்கிறது. நடுவில் பசுந்தழையும் சுற்றிலும் சிவப்பும் வெண்மஞ்சளுமான பூக்களுமாக, மனிதர் கையால் கட்டித் தரையில் வைத்த மலர்வளையம் போலவே இருக்கும். அதைக் காண முதல் ஆண்டில் பெர்த்திலிருந்து சுமார் 450 கிலோமீட்டர் ஓட்டிச் சென்றோம். முல்லேவாவைத் தாண்டிச் சாலையோரத்தில் இறங்கி, புதர்களுக்கு உள்ளே இருபது நிமிடம் தேடினோம். வழியே சென்ற ஊர்ப்பெரியவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, எங்கள் கார்ச் சக்கரத்துக்கு அரை மீட்டர் தள்ளியிருந்த சரளையைச் சுட்டிக் காட்டினார். அங்கேதான் இருந்தது. கிளறப்பட்ட சரளை மண்ணில் முளைப்பது அதன் இயல்பு. அதனால் அது சாலை விளிம்பிலேயே வளர்கிறது, வண்டிகள் ஏறி நசுங்குவதும் அதனாலேயே. இன்னும் அரை மீட்டர் தள்ளி நிறுத்தியிருந்தால் எங்கள் சக்கரமே அதன்மேல் ஏறியிருக்கும். அன்றிலிருந்து நிறுத்துமுன் ஒருவர் இறங்கி நிலத்தைப் பார்த்த பிறகே வண்டியை ஓரங்கட்டுகிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இந்தச் சாலைகளில் இரண்டு விதிகள் போதும். அந்தி சாய்ந்தபின்னும் விடியுமுன்னும் ஓட்டாதீர்கள். கங்காருக்கள் சாலைக்கு வரும் நேரம் அது. எதிரே பாய்ந்தால் வண்டியைத் திருப்பாமல் நேர்கோட்டிலேயே பிரேக்கை அழுத்துங்கள், திருப்பியவர்கள்தான் மரத்தில் மோதியும் கவிழ்ந்தும் உயிரிழக்கிறார்கள். வாடகைக் கார் என்றால் மண்சாலையில் ஓட்ட ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று முன்பே படித்துப் பாருங்கள், பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. பெட்ரோலை ஒவ்வோர் ஊரிலும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கூடாரத்தில் முதல் இரவு

புதுக் கூடாரத்தை முதன்முதலில் வீட்டுப் புழக்கடையில் விரித்துப் பாருங்கள். இருட்டில், காற்றில், பசியோடிருக்கும் குழந்தைகளின் நடுவே ஒரு கம்பி எங்கே செருகுவது என்று தேடுவது பெரிய துன்பம். முகாமிடங்களை வனத்துறையின் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். சில இடங்கள் மட்டும் முந்தி வருபவர்களுக்கு உரியவை, அங்கே நண்பகலுக்குள் சென்றுவிடுவது நல்லது. எப்படியும் சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே இடத்தை அடையத் திட்டமிடுங்கள். பெரிய யூக்கலிப்டஸ் மரத்தின் கிளைகளுக்குக் கீழே கூடாரம் போடக் கூடாது. காற்றே இல்லாத நாளிலும் அவை பெருங்கிளைகளை உதிர்க்கும்.

நம்மவர்கள் பெரும்பாலும் குளிரைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஆகஸ்டில் பகலெல்லாம் சட்டைக் கையைச் சுருட்டும் வெயிலாக இருந்தாலும், உள்நாட்டில் இரவு வெப்பநிலை சுழியத்தை நெருங்கும். மேலே போர்த்துவதைவிட அடியில் விரிப்பது முக்கியம், உடற்சூட்டைத் தரைதான் உறிஞ்சுகிறது; நல்ல பாய்மெத்தை ஒன்றும், சுழிய வெப்பநிலைக்கு ஏற்ற தூங்குபையும் இருந்தால் உறக்கம் வரும். முதல் ஆண்டில் இவற்றை நண்பர்களிடம் இரவல் வாங்குங்கள், வாங்குவதை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கலாம்.

பெரும்பாலான முகாமிடங்களில் குடிநீர் இருக்காது. சமையலையும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் கொண்டுசெல்லுங்கள். முதல் இரவுக்குப் புளியோதரை போதும், அடுப்பே மூட்ட வேண்டாம். விறகுத் தீ பல பூங்காக்களில் தடை செய்யப்பட்டது. முழுத் தீத்தடை அறிவிக்கப்பட்ட நாளில் எரிவாயு அடுப்புக்கும் கட்டுப்பாடுகள் உண்டு, அன்றைய அறிவிப்பைப் படித்தபின்பே பற்றவையுங்கள். காட்டிலிருந்து சுள்ளி பொறுக்கக் கூடாது, அந்தச் சுள்ளிக்கடியில் வாழும் உயிர்கள் உண்டு. நாய்க்கு அனுமதி பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் இல்லை. கழிப்பறை இல்லாத இடத்தில் நீர்நிலையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி, பதினைந்து சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி மூடுங்கள்; காகிதத்தைப் பையில் கட்டித் திரும்ப எடுத்து வாருங்கள்.

விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒரு கால்மணி நேரம் வெளியே உட்காருங்கள். ஊர் வெளிச்சம் எட்டாத அந்த வானத்தை நகரத்தில் காண முடியாது.

திரும்பிய பிறகு

கூடாரத்தை ஈரத்தோடு மடித்து வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மறுநாளே வெயிலில் உலர்த்துங்கள். காலணிகளையும் சக்கரங்களையும் மறுபடி கழுவுங்கள். உடலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று அக்குள், இடுப்பு, மயிரடி ஆகிய இடங்களில் பாருங்கள். ஒரு குறிப்பேட்டில் நாள், இடம், கண்ட பூ, அன்றைய வெயில் ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஆண்டுதோறும் பூ வரும் நாள் முன்பின்னாக மாறுவதால், மூன்றாம் ஆண்டில் வேறு எந்த வழிகாட்டியையும்விட உங்கள் குறிப்பேடு உங்களுக்குப் பயன்படும்.

நவம்பர் முடிந்து எல்லாப் பூக்களும் காய்ந்தபின் குறிப்பேட்டை மூடிவிடாதீர்கள். டிசம்பரில் பெர்த்தின் சாலையோரங்களிலேயே ஒரு மரம் செம்மஞ்சள் கொழுந்துவிட்டு எரிவதுபோல் பூக்கும். கிறிஸ்துமஸ் மரம் என்று இங்கே பெயர், நூங்கார் மக்கள் மூட்ஜார் என்பார்கள். இறந்தவர்களின் ஆவி தங்கிச் செல்லும் மரமாக அவர்கள் அதைப் போற்றுகிறார்கள், அதன் பூவைப் பறிப்பதில்லை. அது மற்றச் செடிகளின் வேரில் வாய்வைத்து நீருறிஞ்சும் ஒட்டுண்ணி. தரையில் புதைத்த கம்பிவடத்தையும் வேரென்று நினைத்து வெட்டிவிடும். அலுவலகம் செல்லும் வழியில் அதைக் கண்டால் அன்றைய நாளையும் எழுதிக்கொள்ளுங்கள்.